மருத்துவத்தின் நான்கு கால்கள்

அவிசாவளையிலிருந்து ஹற்றனை நோக்கி மலையேறும் நெடுஞ்சாலையில், எட்டியாந்தோட்டையை அடையுமுன் எதிர்ப்படும் ஊர் தெஹியோவிட்ட. கேகாலை மாவட்டத்தின் தென்பகுதியிலுள்ள இவ்வூரிலிருந்து தெரணியகலைக்கு ஒரு பாதை பிரிந்து செல்கிறது. தாழ்ந்த சரிவுகளில் றப்பரும், உயர்ந்த சரிவுகளில் தேயிலையும், இடையிடையே சிங்களக் கிராமங்களின் பாக்கும் கித்துளும் பலாவுமாக விரிந்துகிடக்கும் நிலம் அது. மழைக்குப் பஞ்சமில்லாத ஈரவலயம். வைகாசியில் தென்மேற்குப் பருவக்காற்று எழுந்துவிட்டால் லயத்துக் கூரைகளில் இரவும் பகலும் நீர் ஒழுகும். வாய்க்கால்கள் நிரம்பும். றப்பர் மரங்களினடியில் உதிர்ந்த இலைகள் மக்கி, நடக்கும் பாதமெல்லாம் சேறாகும்.

அத்தகைய மழைநாளொன்றில், பால் வெட்டிவிட்டுத் திரும்பிய தொழிலாளி ஒருவர் உடம்பு வலிக்கிறதென்று படுத்துக்கொள்கிறார் எனக் கொள்ளலாம். இரவில் காய்ச்சல் கொதிக்கிறது. கெண்டைக்காற் சதை தொடமுடியாதபடி நோகிறது. அடுத்த காம்பராவிலிருந்து ஒரு மூதாட்டி வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்து, கொத்தமல்லியும் இஞ்சியும் அவித்துக் கொடுக்கச் சொல்கிறார். மற்றொருவர், கண்ணூறாக இருக்கலாம், பூசாரியாரிடம் திருநீறு மந்திரித்து வாங்கி வரலாம் என்கிறார். மூன்றாமவர், கடைவீதிக்கு அப்பாலுள்ள வெதமாத்தயாவின் எண்ணெயைத் தேய்த்தால் வலி பறந்துவிடும் என்கிறார். நான்காமவர், விடிந்ததும் தோட்டத்து டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்கிறார்.

நால்வரும் அன்பினாலேயே பேசுகின்றனர். நால்வருக்கும் சொல்வதற்கு ஒவ்வோர் அனுபவம் உண்டு. ஆனால் அந்த நோயாளிக்கு உடம்பு ஒன்றுதான், உயிரும் ஒன்றுதான். எந்த வாயிலை எப்பொழுது தட்டுவது என்பதே அந்தக் குடும்பத்தின் முன்னுள்ள கேள்வி. இக்காலத்தில் மாற்று மருத்துவம் என்றும் முழுமனித மருத்துவம் என்றும் பெரிய நகரங்களிற் பேசப்படுவதெல்லாம், தெஹியோவிட்ட லயத்தில் அந்த இரவில் எழும் இக்கேள்வியேயன்றி வேறன்று.

இந்த நான்கு வாயில்களும் ஒரே நாளில் திறந்தவையல்ல. திருச்சி, சேலம், மதுரை, திருநெல்வேலிப் பக்கங்களிலிருந்து இம்மலைகளுக்கு வந்த மக்கள் தம் மூட்டைகளிற் பாட்டி வைத்தியத்தையும் முடிந்துகொண்டு வந்தனர். ஆயின் ஊரிற் பறித்த மூலிகை எல்லாம் இங்கே கிடைக்கவில்லை. வறண்ட நிலத்தை விரும்பும் வேம்பு இம்மழைச் சரிவுகளிற் செழிப்பதில்லை. அயலிலிருந்த சிங்கள மக்களோ இக்காட்டின் ஒவ்வொரு கொடியையும் பெயர்சொல்லி அழைக்கத் தெரிந்தவர்கள். ஆகவே மருந்து கைமாறியது. தடிமலுக்கும் காய்ச்சலுக்கும் சிங்கள வீடுகளிற் காய்ச்சும் ‘பஸ்பங்குவ’ என்னும் ஐந்து சரக்குக் குடிநீரை எடுத்துக்கொண்டால், அதிற் சேர்வன கொத்தமல்லி, இஞ்சி, கண்டங்கத்தரி, பற்படாகம், மரமஞ்சள் என்பனவாகும். ஐந்துக்கும் தமிழ்ப் பெயர் உண்டு. ஐந்தும் தமிழ் வைத்தியமும் அறிந்தவை. மொழியால் இரண்டாகப் பிரிந்துநின்ற அயலவர் ஒரே பானையிலிருந்து கசாயம் குடித்தனர் என்றால் அது மிகையன்று.

ஆங்கில மருத்துவத்தின் வாயில் சட்டத்தின் மூலம் திறந்தது. தோட்டத் தொழிலாளருக்கு வைத்திய உதவி அளிப்பதற்கென 1872ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் பிறந்தது. 1912ஆம் ஆண்டின் வைத்தியத் தேவைகள் கட்டளைச் சட்டம் தோட்டத்துரைமாரின் கடமைகளை மேலும் வரையறுத்தது. டிஸ்பென்சரியும் பிள்ளைக்காம்பராவும் தோட்டத்தின் உறுப்புகளாயின. உள்நாட்டு மருத்துவத்துக்கும் அரசின் ஏற்பு பின்னர் வந்தது. 1929இல் கொழும்பிற் சுதேச வைத்தியக் கல்லூரி தொடங்கியது. 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டம், ஆயுர்வேதம் என்ற ஒரே பெயரின் கீழ்ச் சித்தம், யுனானி, தேசிய சிகிச்சை ஆகியவற்றையும் அடக்கி, வைத்தியரைப் பதிவுசெய்யும் முறையை வகுத்தது. இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலும் சித்த மருத்துவம் பட்டப்படிப்பாகக் கற்பிக்கப்படுகிறது. யாழ்ப்பாண அரசர் காலத்தில் எழுந்த செகராசசேகரம், பரராசசேகரம் என்னும் தமிழ் வைத்திய நூல்களின் மரபு இன்னும் அறுந்துவிடவில்லை.

வாயில்கள் பல, அவற்றை அளக்கும் கோல் எது? பழைய நூல்களே ஒரு கோலைத் தருகின்றன. வடமொழிச் சரக சங்கிதை, மருத்துவத்துக்கு நான்கு கால்கள் என்று கூறுகிறது. வைத்தியர் ஒரு கால், மருந்து ஒரு கால், நோயாளி ஒரு கால், அருகிருந்து பணிசெய்பவர் ஒரு கால். திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய மருந்து என்பதும் இந்த நான்கையே மருத்துவத்தின் கூறுகளாகக் கொள்கிறது. கட்டிலுக்கு ஒரு கால் குறைந்தாலும் படுத்தவர் விழுவார். முழுமனித மருத்துவம் என்று இன்று புதிதாகச் சொல்லப்படுவதன் சாரம் இதுவே. எந்த முறையானாலும் அதன் நான்கு கால்களையும் தட்டிப் பார்த்தே நோயாளியை அதில் ஏற்ற வேண்டும்.

முதலில் மருந்து என்னும் காலைப் பார்க்கலாம். மூலிகை என்றாலே மூடநம்பிக்கை என்று ஒதுக்குவோரும், மூலிகை என்றாலே தீங்கற்றது என்று கொண்டாடுவோரும் கேகாலை மாவட்டத்தின் வரலாற்றிலிருந்து ஒரு பாடம் கற்கலாம். 1934ஆம் ஆண்டிற் பருவமழை பொய்த்து, களனி கங்கையும் மகா ஓயாவும் வற்றிக் குட்டைகளாயின. அக்குட்டைகளில் நுளம்பு பெருகியது. அவ்வாண்டின் இறுதியில் வெடித்த மலேரியாக் கொள்ளைநோய் 1935இலும் தொடர்ந்து ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுபோயிற்று. மிகக் கொடுமையாகத் தாக்கப்பட்ட மாவட்டங்களுள் கேகாலை முதன்மையானது. அங்கே நிவாரணப் பணிக்குச் சென்ற சூரியமல் இயக்கத்தாருள் கலாநிதி என். எம். பெரேராவும் ஒருவர், 1936இல் அவர் அம்மாவட்டத்து ருவான்வெலைத் தொகுதியிலிருந்தே அரசாங்க சபைக்குத் தெரிவுசெய்யப்பட்டார். கொய்னா மாத்திரையை மட்டும் கொடுத்தாற் போதாது, பசித்த வயிற்றில் மருந்து நிற்காது என்பதை அத்தொண்டர்கள் கண்டனர். ஆகவே மருந்தோடு ‘மாமைற்’ என்னும் சத்துச்சாறும் வழங்கப்பட்டது.

அந்தக் கொய்னா எங்கிருந்து வந்தது? தென்னமெரிக்க மலைகளிலுள்ள சிங்கோனா என்னும் மரத்தின் பட்டையிலிருந்து வந்தது. அதுவும் ஒரு காலத்தில் நாட்டு மருந்தே. 1861இல் நுவரெலியாவுக்கு அருகே ஹக்கலையில் அமைந்த தாவரவியற் பூங்கா, சிங்கோனாவை வளர்த்துப் பார்க்கவே தொடங்கப்பட்டது. கோப்பிப் பயிர் நோயால் அழிந்தபின், 1880களில் இலங்கைத் தோட்டங்கள் சிங்கோனாப் பட்டையை உலகச் சந்தைக்குப் பெருமளவில் அனுப்பின. அம்மரங்களை நட்டுப் பேணிப் பட்டையுரித்த உழைப்பு, இந்த மலைநாட்டுத் தமிழ்த் தொழிலாளரின் உழைப்பு. பட்டையை இடித்துக் குடித்தது பழைய முறை. அதிலுள்ள சத்தைப் பிரித்து, அளவிட்டு, மாத்திரையாக்கியது புதிய முறை. மரம் ஒன்றே, அளவு தெரிந்ததே வேறுபாடு.

இதே கதை சீனத்திலும் நிகழ்ந்தது. 4ஆம் நூற்றாண்டில் கே ஹொங் என்பவர் எழுதிய கைநூலொன்றில், காய்ச்சலுக்கு ஒரு வகை மாசிப்பச்சைச் செடியை நீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்குமாறு குறிப்பு இருந்தது. 1970களின் தொடக்கத்தில் தூ யூயூ என்னும் பெண் விஞ்ஞானி அக்குறிப்பைப் படித்து, செடியைக் கொதிக்கவைத்தாற் சத்து அழியும் என்று ஊகித்தார். குறைந்த வெப்பத்திற் சாறு பிரித்தார். அவ்வாறு பிறந்த ஆர்ட்டெமிசினின் என்ற மருந்துக்காக 2015இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. பழைய ஏடு வழியைக் காட்டியது. சோதனை அவ்வழியை உறுதிசெய்தது. இரண்டில் ஒன்று இல்லாவிடினும் அம்மருந்து இல்லை. இலங்கையும் பல்லாண்டு உழைப்பின் பயனாக 2016இல் மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனத்தால் அறிவிக்கப்பட்டது.

சர்ப்பகந்தியின் கதையும் இத்தகையதே. மனக்கலக்கத்துக்கு நாட்டு வைத்தியர் கொடுத்துவந்த இவ்வேரை, 1931இற் கல்கத்தாவைச் சேர்ந்த கணநாத் சென், கார்த்திக் போஸ் என்னும் இருவர் இரத்த அழுத்தத்துக்கும் பயன்படும் என எழுதினர். 1949இற் பம்பாய் வைத்தியர் ரஸ்தம் ஜல் வக்கீல் தம் நோயாளரிடம் கண்டதைப் பிரித்தானிய ஏடொன்றில் வெளியிட்டார். 1952இல் அதன் சத்தாகிய ரெசர்பின் பிரித்தெடுக்கப்பட்டு உலகெங்கும் பரவியது. பரவிய பின்னரே, சிலருக்கு அது ஆழ்ந்த மனச்சோர்வைத் தருகிறது என்பதும் தெரியவந்தது. குணம் உள்ள பொருளுக்குக் குற்றமும் இருக்கக்கூடும் என்பதற்கு இது சான்று.

சபரகமுவக் காடுகளிலேயே விளையும் கொத்தலஹிம்புட்டுவை எடுத்துக்கொள்ளலாம். தமிழ் வைத்தியர் ஏகநாயகம் என்று அழைக்கும் கொடி இது. இதன் மரத்திற் கடைந்த கிண்ணத்தில் இரவு நீரை ஊற்றிவைத்துக் காலையிற் குடித்தால் நீரிழிவு தணியும் என்பது மக்கள் நம்பிக்கை. இலங்கை வைத்தியர் 51 நோயாளருக்கு இக்கொடி சேர்ந்த தேநீரையும் வெறுந்தேநீரையும் மாறிமாறிக் கொடுத்து, எது எதுவென்று அறியாதபடி சோதித்து, 2005இல் முடிவை வெளியிட்டனர். மூலிகைத் தேநீர் அருந்திய மாதங்களில் நோயாளரின் இரத்தச் சர்க்கரை அளவு குறைந்திருந்தது. நம்பிக்கைக்கு அடிப்படை உண்டென்று அறிய இது மகிழ்ச்சி தருவதே. ஆனால் சர்க்கரையைக் குறைக்கும் ஆற்றல் உண்மையானால், வைத்தியசாலை மாத்திரையையும் இதையும் சேர்த்து உண்பவருக்குச் சர்க்கரை அளவுக்குமேல் இறங்கும் அபாயமும் உண்மை. ஆகவே கிண்ணத்தில் நீர் அருந்துவோர் அதை வைத்தியரிடம் மறைத்தலாகாது.

தீங்கு செய்யும் மூலிகைகளும் உண்டு. விஷக்கடிக்கு நெடுங்காலமாகப் புகழப்பட்ட ஈசுரமூலி, சிங்களத்திற் சப்சந்த எனப்படுவது, அரிஸ்டோலோக்கியா என்னும் இனத்தைச் சேர்ந்தது. இவ்வினத்துச் செடிகளிலுள்ள அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயையும் விளைக்கும். 1990களின் தொடக்கத்திற் பெல்ஜியம் நாட்டில், உடல் மெலிவதற்கென இவ்வினத்துச் சீனச் செடி கலந்த மருந்தை உண்ட பெண்கள் நூற்றுக்கு மேற்பட்டோர் சிறுநீரகம் பழுதடைந்து அல்லலுற்றனர். உண்ட அன்று ஒன்றும் தெரியவில்லை. மாதங்களும் ஆண்டுகளும் கழிந்தே தெரிந்தது. பாட்டன் காலந்தொட்டு உண்கிறோம், ஒன்றும் ஆகவில்லை என்னும் சொல்லுக்கு இவ்விடத்தில் வலிமை இல்லை. மெல்லக் கொல்லும் நஞ்சைக் கண்ணால் மட்டும் பார்த்துக் கண்டுகொள்ள இயலாது.

இரண்டாவது கால் நோயாளி. நோயாளியின் உடம்பே பல நோய்களைத் தானாகத் தீர்த்துக்கொள்கிறது. இது உடம்பின் பெருமை. மருந்துகளை மதிப்பிடுவோருக்கோ இது பெரும் பொறி. றப்பர், தேயிலைத் தோட்டங்களின் உலர்ந்த இலைக் குவியல்களில், மூக்கு நுனி மேலெழும்பிய சிறு விரியன் ஒன்று பதுங்கியிருக்கும். சிங்கள மக்கள் அதைக் குனகட்டுவா என்பர். இலங்கையில் மனிதரை மிகுதியாகக் கடிக்கும் நச்சுப் பாம்பு இதுவே. கடித்த இடம் வீங்கும், வலிக்கும். ஆயினும் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்வர். ஒரு சிலருக்கு மட்டும் இரத்தம் உறையாமற் போகும், சிறுநீரகம் செயலிழக்கும். அரிதாக மரணமும் நேரும்.

ஒரு விஷ வைத்தியர் இப்பாம்பு கடித்த பலருக்குப் பச்சிலை வைத்துக் கட்டுகிறார் எனக் கொண்டால், அவர்களுட் பெரும்பாலோர் எழுந்து நடப்பர். வைத்தியரின் கைராசி ஊரெங்கும் பரவும். அவர் ஏமாற்றுபவர் அல்லர். தாமும் அவ்வாறே நம்புகிறார். தானே தீரும் நோய், அருகில் நின்றவருக்கே புகழைக் கொடுத்துச் செல்கிறது. ஆனால் அதே கட்டுடன், அதே நம்பிக்கையுடன், நாகமோ கண்ணாடி விரியனோ தீண்டியவரும், சிறுநீரகம் கெட்டுவரும் அந்த ஒரு சிலரும் வாயிலிற் காத்திருக்கும்போதே பேரிழப்பு நேர்கிறது. அவர்களுக்கு மணித்துளிகள் பொன் போன்றவை.

இலங்கை வைத்தியசாலைகளிற் பயன்படும் இந்திய நச்சுமுறி மருந்து நாகத்துக்கும் கண்ணாடி விரியனுக்கும் எதிராகச் செயற்படும். குனகட்டுவாவுக்கு அது பயன்படாது. இதையறிந்த சிலர், அப்படியானால் வைத்தியசாலைக்கு எதற்கு என்று கேட்பர். இரத்தம் உறைகிறதா என்று பார்க்கவும், சிறுநீர் இறங்குகிறதா என்று அளக்கவும், இறங்காவிடின் இயந்திரத்தால் இரத்தத்தைச் சுத்திகரிக்கவும் அங்கேதான் வழியுண்டு. கடித்த இடத்தைக் கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும், கயிற்றால் இறுக்கிக் கட்டுவதும் கேட்டை மிகுவிப்பவை. கடியுண்டவரை நடக்கவிடாமல், கடிபட்ட காலை அசையாமல் வைத்து, விரைந்து கொண்டுசெல்வதே செய்யத்தக்கது. 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் வரும் ‘சுவசெரிய’ நோயாளர் வண்டிக்குக் கட்டணம் இல்லை.

மூன்றாவது கால் வைத்தியர். வெதமாத்தயாவின் வீட்டுத் திண்ணையில் நடப்பதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம். அவர் நோயாளியை அமரச் செய்கிறார். நாடியைப் பிடிக்கிறார். என்ன உண்டாய், எப்படி உறங்கினாய், வீட்டில் என்ன கவலை என்று கேட்கிறார். வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவிலோ நீண்ட வரிசை, சில நிமிடப் பேச்சு, கையில் ஒரு துண்டு. நோயாளி எதைத் தேடித் திண்ணைக்குப் போகிறார் என்பது இதிலேயே விளங்கும்.

இந்தத் தேட்டம் வீணானதன்று என்பதை அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. குடற்கோளாறுள்ள 262 பேரை மூன்று பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் காத்திருந்தனர். இரண்டாம் பிரிவினருக்கு, ஊசி உண்மையிற் குத்தாத போலி அக்குபங்சர் சிகிச்சை, அதிகம் பேசாமற் கொடுக்கப்பட்டது. மூன்றாம் பிரிவினருக்கும் அதே போலிச் சிகிச்சைதான். ஆனால் வைத்தியர் அவர்களோடு கனிவாகவும் விரிவாகவும் பேசினார். 2008இல் வெளியான முடிவின்படி, போதிய சுகம் கண்டதாகச் சொன்னோர் முதற்பிரிவில் நூற்றுக்கு 28 பேர், இரண்டாம் பிரிவில் 44 பேர், மூன்றாம் பிரிவில் 62 பேர். கனிவான சொல்லும் மருந்தின் வேலையிற் பங்கு கொள்கிறது.

ஆயினும் சொல்லின் எல்லை எது என்பதை 2011இல் வெளியான மற்றோர் ஆய்வு காட்டியது. ஆஸ்துமா நோயாளருக்கு ஒருமுறை உண்மை மருந்தும், ஒருமுறை போலி மருந்தும், ஒருமுறை போலி ஊசியும் கொடுத்து, ஒருமுறை ஒன்றும் கொடுக்காமலும் பார்த்தனர். உண்மை மருந்திலும் இருவகைப் போலிகளிலும் சுகமாயிற்று என்று நோயாளர் ஏறத்தாழ ஒரே அளவிற் கூறினர். ஆனால் மூச்சுக் காற்றை அளந்தபோது, உண்மை மருந்தால் அது நூற்றுக்கு 20 அளவு பெருகியிருந்தது. மற்ற மூன்றிலும் 7 அளவே. மனம் ஆறியது, மூச்சுக்குழாயோ திறக்கவில்லை. ஆறுதல் உண்மை, குணம் உண்மை, இரண்டும் ஒன்றல்ல. ஆறுதலைக் குணமென்று மயங்குவோர் நோயை வளரவிடுவர். குணத்தை மட்டும் எண்ணி ஆறுதலை மறப்போர் நோயாளியையே திண்ணைக்குத் துரத்திவிடுவர்.

தெஹியோவிட்டத் தோட்டங்களின் தமிழ் மக்களுக்கு இவ்விடத்தில் மேலுமொரு சுமை உண்டு. கனிவான சொல் அவர்தம் மொழியிற் கிடைப்பதே அரிது. வயிற்றுக்குள் எரிகிறதா, குத்துகிறதா, பிசைகிறதா என்று தாய்மொழியிற் சொல்லத் தெரிந்தவர், சிங்களத்தில் ‘வலி’ என்பதற்கான ஒரே சொல்லைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறார். நோயின் பாதி அடையாளம் அவ்விடத்திலேயே தொலைந்துவிடுகிறது. 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஏட்டிலுள்ள உரிமை கட்டிலருகே வந்துசேர்வதற்கு ஆள் வேண்டும், பயிற்சி வேண்டும். அமெரிக்காவிலிருந்து 1847இல் யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் இதை அக்காலத்திலேயே உணர்ந்தார். மானிப்பாயில் இருந்துகொண்டு ஆங்கில வைத்தியத்தைத் தமிழ் மாணவருக்குத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூற்று நூலையும் மருத்துவ நூல்களையும் தமிழாக்கினார். 1873இல் அவர் நாடு திரும்பியபோது தமிழிற் பயின்ற வைத்தியர் பலர் இங்கே இருந்தனர். மேல்நாட்டு மருத்துவம் அந்நியமாகத் தோன்றுவது பெரும்பாலும் அதன் மருந்தினால் அன்று, அதன் மொழியினால்.

நான்காவது கால், அருகிருந்து பணிசெய்பவர். குடும்பத்தார், அயலார், தோட்டத்துத் தலைவர், செய்தி பரப்புவோர் அனைவரும் இதனுள் அடங்குவர். இக்கால் உறுதியாயின் மற்ற மூன்றின் குறையும் பொறுக்கப்படும். இது தளர்ந்தால் நேர்வதற்கு இம்மாவட்டமே 2020ஆம் ஆண்டிற் சாட்சியாயிற்று. கொரோனாப் பெருந்தொற்று நாட்டை வாட்டிய அவ்வாண்டு டிசம்பர் மாதத்தில், கேகாலைக்கு அண்மையிலுள்ள ஹெட்டிமுல்ல என்னும் ஊரில் ஒருவர், தேனும் சாதிக்காயும் சேர்ந்த பாணியொன்று அந்நோயைத் தீர்க்கும் என்றும், அதன் முறை தமக்குத் தெய்வவாக்காகக் கிடைத்தது என்றும் கூறினார். ஆயிரக்கணக்கானோர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு அதற்காகத் திரண்டனர். தொற்றுநோய்க் காலத்தில் அந்தக் கூட்டமே ஓர் ஆபத்து. அப்பாணியை வெளிப்படையாக அருந்திக் காட்டிய அன்றைய சுகாதார அமைச்சர், 2021 ஜனவரியில் தாமே அந்நோய்க்கு ஆளாகி வைத்தியசாலையிற் சேர்ந்து, பின் நலமடைந்தார்.

அந்தக் கூட்டத்தை எள்ளி நகையாடுவது எளிது, ஆனால் நேர்மையன்று. அப்போது அந்நோய்க்குத் தடுப்பூசி இந்நாட்டுக்கு வந்திருக்கவில்லை. அச்சம் மிகுந்திருந்தது. தேன் இனிமையானது, சாதிக்காய் அடுக்களையில் உள்ளது, சொன்னவர் தம் மொழியிற் சொன்னார். நம்புவதற்கு இவை போதுமானவையாயின. இல்லாதிருந்தது ஒன்றுதான்: இதைச் சோதித்தது யார், எத்தனை பேருக்கு, உண்ணாதவரோடு ஒப்பிட்டுப் பார்த்தீர்களா என்று கேட்கும் ஒரு குரல். கூட்டத்திலுள்ளோருட் பத்துப் பேர் அக்கேள்வியைக் கேட்டிருந்தால் அது மற்றவர் காதிலும் விழுந்திருக்கும். மருந்தைக் காசு வாங்காமற் கொடுப்பதும், தெய்வத்தின் பெயரைச் சொல்வதும், பெரிய மனிதர் அருந்துவதும் இக்கேள்விக்கு விடையாகா.

இனி, மழை பெய்யும் அந்த லயத்துக்குத் திரும்பலாம். பால் வெட்டப் போனவருக்குக் காய்ச்சல், கெண்டைக்காலில் நோவு, கண்ணிற் சிவப்பு. இம்மூன்றும் சேர்ந்தால் எலிக்காய்ச்சலை நினைக்க வேண்டும். எலி, மாடு முதலியவற்றின் சிறுநீர் கலந்த சேற்றிலும் நீரிலும் வாழும் ஒரு நுண்கிருமி, காலிலுள்ள சிறு வெடிப்பு வழியாக உடலுட் புகுகிறது. கேகாலையும் இரத்தினபுரியும் நாட்டில் இந்நோய் மிகுந்த மாவட்டங்களாகும். வயலிற் சேறு மிதிப்பவரும், மாணிக்கக் குழியில் இறங்குபவரும், தோட்டத்தில் வெறுங்காலுடன் நடப்பவரும் இதற்கு ஆளாகின்றனர். 2008ஆம் ஆண்டில் நாடெங்கும் 7,000க்கு மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளானதாகப் பதிவாயிற்று. ஏறத்தாழ 200 பேர் மாண்டனர். தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் எளிய நுண்ணுயிர்க்கொல்லி மருந்து இதைத் தீர்க்கும். நாட்கள் கடந்தால் கண் மஞ்சளாகும், சிறுநீர் குறையும், நுரையீரலில் இரத்தம் கசியும்.

அந்த நால்வரின் சொல்லையும் இப்பொழுது வரிசைப்படுத்தலாம். மூதாட்டியின் கொத்தமல்லிக் குடிநீர் தாகத்தைத் தணிக்கும். உடலில் நீர் வற்றாமற் காக்கும். அதைத் தடுக்க வேண்டியதில்லை. திருநீறு மனத்துக்குத் தைரியம் தரும், பூசிவிட்டே புறப்படலாம். எண்ணெய் தேய்ப்பது காத்திருக்கட்டும். காய்ச்சலோடு வரும் தசைநோவுக்குக் காரணம் தெரியாமற் பிடித்துவிடுவதில் நன்மையில்லை. டிஸ்பென்சரிக்குப் போகலாம் என்றவரின் சொல்லோ காத்திருக்கலாகாது. அங்கே சொல்ல வேண்டியவை மூன்று: காய்ச்சல் எப்போது தொடங்கியது, காலிற் புண் இருந்ததா, சேற்றிலும் தேங்கிய நீரிலும் நின்றாரா. இம்மூன்றையும் சிங்களத்திற் சொல்ல இயலாவிடின், சொல்லத் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்வதும் மருந்து வாங்கிக் கொடுப்பதற்கு ஒப்பான உதவியே. அங்கிருந்து கரவனல்லை வைத்தியசாலைக்கோ அவிசாவளைக்கோ அனுப்பினால், நாளை பார்க்கலாம் என்று தள்ளிப்போடலாகாது.

தள்ளிப்போடுவதற்கும் காரணம் உண்டு. ஒருநாள் வேலைக்குப் போகாவிட்டாற் பெயர் விழாது. பெயர் விழாவிட்டால் அன்றைய கூலி இல்லை. உடன் செல்லும் மனைவிக்கும் அதே நட்டம். கைவைத்தியம் நாடுவோரெல்லாம் அறியாமையினால் நாடுகின்றனர் என்று எண்ணுவது பிழை. பலர் கணக்குப் பார்த்தே நாடுகின்றனர். ஆகவே நான்காவது கால் என்பது குடும்பத்தோடு முடிவதில்லை. நோயுற்றவரை வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்பவரின் அன்றைய கூலியைக் காப்பதும், சேற்றில் இறங்குபவருக்குக் காலணி கொடுப்பதும், மழைக்காலத்தில் வரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் தகுதியுள்ளோருக்கு வழங்கும் தடுப்பு மாத்திரை லயங்களையும் எட்டச் செய்வதும் மருத்துவத்தின் பகுதிகளே.

பழைய மருத்துவத்தைப் பகைக்க வேண்டியதில்லை. அதன் முன் கண்மூடி நிற்கவும் வேண்டியதில்லை. முறிவு வைத்தியரின் கைப்பழக்கமும், சித்த வைத்தியரின் பத்திய ஒழுக்கமும், வெதமாத்தயாவின் செவிகொடுத்துக் கேட்கும் பொறுமையும் பேணத்தக்க செல்வங்கள். எந்த நோயைத் தம்மால் இயலும், எதை இயலாது என்று அறிந்து, இயலாததைக் காலந்தாழ்த்தாமல் வைத்தியசாலைக்கு அனுப்பிவைக்கும் நாட்டு வைத்தியரே அம்மரபின் உண்மையான வாரிசு. அவரைப் போலவே, நோயாளி வீட்டில் என்ன உண்டார், யாரிடம் காட்டினார் என்று கடிந்துகொள்ளாமற் கேட்டறியும் ஆங்கில வைத்தியரும் அம்மரபுக்கு உறவினரே.

தெஹியோவிட்டச் சரிவுகளில் இவ்வாண்டும் மழை பெய்யும். ஏதோ ஒரு லயத்தில் ஒருவர் காய்ச்சலென்று படுப்பார். கொத்தமல்லி கொதிக்கும் அடுப்பருகே நிற்பவர், நாட்களை விரல்விட்டு எண்ணிக்கொண்டிராமல், விடிந்ததும் அவரைக் கைபிடித்து அழைத்துச் செல்வாராயின், நான்காவது கால் உறுதியாக நிற்கிறது என்று கொள்ளலாம். மற்ற மூன்றையும் தேடிச் செல்ல அதுவே வழி.